கோதுமை பீருக்கு ஒரு வரிசை: மதுரையில் நான்கு நாள்

ஏப்ரல் 9, புதன். மதுரை

மாப்பிள்ளை வந்துவிட்டான். அவனுக்குச் சொந்தப் பெயர் உண்டு. அதை எழுதக் கூடாது என்று கண்டிஷன் போட்டிருக்கிறான். கல்லூரியில் நாங்கள் எல்லாருமே எல்லாருக்கும் மாப்பிள்ளைதான், அதனால் அதுவே இருக்கட்டும். பிறந்தது செல்லூர். இருபது வருடமாகக் கலிபோர்னியா. ஊரில் இப்போது வீடு கிடையாது, வந்தால் லாட்ஜ்தான்.

நான் கோவையிலிருந்து பஸ்ஸில் வந்தேன். ஒட்டன்சத்திரம் தாண்டியதிலிருந்து எதிரே பழனி பாதயாத்திரைக்காரர்கள் சாரை சாரையாக வந்துகொண்டிருந்தார்கள். நாளை மறுநாள் பங்குனி உத்திரம். தார் ரோட்டில் வெறுங்காலோடு ஒரு பாட்டி பேரனை வேகமாக நடக்கச் சொல்லி அதட்டிக்கொண்டு போனார். நான் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக்கொண்டேன். வெயில் அப்படி.

சாயங்காலம் விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா. சுண்டிய பால், கடல்பாசி, நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். குடிப்பதா சாப்பிடுவதா என்று இத்தனை வருடம் கழித்தும் தெரியவில்லை. கடை முன்னால் பத்துப் பேர் நின்றார்கள். நான் முகத்தைச் சுளித்தேன், மாப்பிள்ளைக்கு முகம் மலர்ந்தது. அப்போதுதான் அவனுடைய வியாதி தெரிந்தது.

அவன் இருக்கும் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்தில் சான்டா ரோசா. அங்கே ரஷ்யன் ரிவர் என்று ஒரு பீர் தயாரிப்புக்கூடம். வருடத்துக்கு ஒரு முறை, இப்போதெல்லாம் மார்ச் கடைசிவாக்கில் ஆரம்பித்து இரண்டு வாரம், ‘பிளினி த யங்கர்’ என்ற பீரைத் திறந்துவிடுவார்கள். முதலில் காய்ச்சியது 2005-இல். ஆல்கஹால் 10.25 சதவீதம். ஆளுக்கு மூன்று கிளாஸ், கிளாஸுக்கு 300 மில்லிக்குக் கொஞ்சம் குறைவு. அதற்காக இவன் அதிகாலை நாலு மணிக்கு மடக்கு நாற்காலியோடு போய் உட்கார்ந்துவிடுவான். இந்த வருடமும் போய்விட்டுத்தான் விமானம் ஏறியிருக்கிறான்.

“என்னடா, வேண்டுதலா?” என்றேன்.

“அப்படித்தான் வச்சுக்கோ.”

எனக்கு வரிசை என்றாலே ஆகாது. பள்ளிக்கூட நாளில் மண்ணெண்ணெய்க்கு நின்றதிலேயே ஒரு ஆயுளுக்கான வரிசை முடிந்துவிட்டது. கேனுக்குப் பதில் செங்கல்லை வைத்துவிட்டுப் போய், திரும்பி வந்து பார்த்தால் வரிசை நகர்ந்திருக்கும், செங்கல் மட்டும் அங்கேயே இருக்கும்.

ஆனால் மாப்பிள்ளை ஏற்கெனவே திட்டம் போட்டுவிட்டான். அவனுடைய சித்தி மகன் சொன்னானாம்: இங்கே ஒரு டாஸ்மாக்கில் புதிதாகக் கோதுமை பீர் ஒன்று வியாழக்கிழமை இறங்குகிறது, நாற்பது ஐம்பது பாட்டில்தான் வரும், முந்துபவனுக்குத்தான். “ஊர்ல ஒரு தடவைகூட பீருக்கு நின்னதில்ல மாப்ள. அப்பா இருந்தாரு, பயம்” என்றான். அவர் போய் ஏழு வருடம் ஆகிறது. மறுக்க முடியவில்லை.

ஏப்ரல் 10, வியாழன். மதுரை, கீழக்குயில்குடி

பதினொன்றரைக்கே கடை வாசலில் இருந்தோம். ஷட்டர் மூடியிருந்தது. கடை திறப்பது பகல் 12 மணிக்கு, அது தெரிந்துதான் போனோம். ஆச்சரியம், எங்களைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை.

“முதல் ஆளு நாமதான்” என்றான். கையைத் தட்டாத குறை. சான்டா ரோசாவில் அவன் இதுவரை தொட்ட நல்ல இடம் நாற்பத்து மூன்றாவதாம்.

பன்னிரண்டு ஆனது. பன்னிரண்டு பத்து ஆனது. ஒரு நாய் வந்து எங்களுக்குப் பின்னால் படுத்தது, அதோடு வரிசை மூன்று பேர். பக்கத்தில் குடைக்குக் கீழே செருப்புத் தைத்துக்கொண்டிருந்த பெரியவர் எங்களை வெகுநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் நானே கேட்டேன்.

“ஐயா, கடை எப்பத் திறப்பாங்க?”

“நாளைக்கு.”

“நாளைக்கா?”

“இன்னைக்கு மகாவீர் ஜெயந்தில்ல. லீவு.”

“அப்பவே சொல்லியிருக்கலாமேய்யா.”

“நீங்க கேக்கலையே தம்பி. நெழலுக்கு ஒதுங்கியிருக்கீகன்னு நெனச்சேன்.”

குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு நாள், மிலாது நபி, மகாவீர் ஜெயந்தி. தமிழ்நாட்டில் மதுக்கடை வருடாவருடம் மூடியிருக்கும் நாட்கள் இவ்வளவுதான். வருடத்தில் எட்டு நாள். அதில் ஒன்றைக் குறிபார்த்து வந்து நின்றிருக்கிறோம். செருப்புக்காரர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, உட்கார ஒரு மரப்பெட்டியை நகர்த்திக் கொடுத்தார். மாப்பிள்ளை பைவார் அறுந்ததாகக் காட்டித் தைக்கச் சொன்னான். அது அறுந்திருக்கவே இல்லை. முப்பது ரூபாய்.

“சரி, மூடவச்சவரையே போய்ப் பார்த்துடுவோம்” என்று நான்தான் சொன்னேன். மதுரையைச் சுற்றி எண்பெருங்குன்றம் என்று சொல்லப்படும் எட்டுக் குன்றுகளில் சமணத் துறவிகள் இருந்தார்கள். கிட்டத்தில் இருப்பது கீழக்குயில்குடி சமணமலை. சித்தி மகனின் பைக்கை வாங்கிக்கொண்டு கிளம்பினோம். வதந்தியைக் கிளப்பியதற்கு அவன் கொடுத்த நஷ்ட ஈடு. நாகமலை புதுக்கோட்டை வந்ததும் பின் டயர் உட்கார்ந்துவிட்டது. பஞ்சர் ஒட்ட 120 ரூபாய், ஒட்டி முடிக்க முக்கால் மணி நேரம். அங்கேயும் எங்களுக்கு முன்னால் இரண்டு வண்டி. மாப்பிள்ளை சிரித்தான், நான் சிரிக்கவில்லை.

மலையடிவாரத்தில் தாமரைக்குளம், பெரிய ஆலமரம், அய்யனார் கோயில். கோயிலில் கும்பிட்டுவிட்டு, போட்டிருந்த செருப்பை அங்கேயே மறந்து படி ஏறியது நாங்கள் செய்த பெரிய முட்டாள்தனம். பாதி ஏறிய பிறகுதான் பாறை தோசைக்கல் என்று உள்ளங்காலுக்கு உறைத்தது. திரும்பி இறங்கினாலும் அதே கல். நிழல் கண்ட இடத்துக்கெல்லாம் தாவித் தாவிப் போனோம். கீழே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா, “செருப்ப மாட்டிட்டுப் போனா சாமி ஒண்ணுஞ் சொல்லாதுப்பா” என்று கத்தினார். அதற்குள் பேச்சிப்பள்ளம் வந்துவிட்டது.

பாறை முகத்தில் எட்டுச் சிற்பங்கள், ஒன்றை அடுத்து ஒன்றாக. தலைக்கு மேல் பாம்பு படம் எடுக்க நிற்கும் பார்சுவநாதர், அமைதியே உருவாக மகாவீரர். ஆயிரம் வருடத்துக்கு மேலாயிற்று. கீழே வட்டெழுத்தில், இதை இன்னார் செய்வித்தார் என்ற குறிப்புகள். மாப்பிள்ளை வெகுநேரம் பார்த்தான். “இவங்கதான் மாப்ள நிஜமாவே வரிசையில நின்னவங்க” என்றான்.

மலையின் இன்னொரு பக்கம் செட்டிப்புடவு. குகைக்குள் உட்கார்ந்த கோலத்தில் பெரிய மகாவீரர். நீண்ட காதைப் பார்த்து ஊர்க்காரர்கள் செட்டியார் என்று முடிவுகட்டிவிட்டார்கள், அதில் வந்த பெயர்தான் இது. குகைக்குள் குளுமையாக இருந்தது. கால் இரண்டையும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். சமணர்கள் தேனைக்கூடத் தொட மாட்டார்கள், மதுவையும்தான்; அதில் உயிர் இருக்கிறது என்று சொன்னேன். வீட்டிலேயே பீர் காய்ச்சிப் பழகியவன் அவன். “சரியாத்தான் சொல்லியிருக்காங்க. நுரைச்சுப் புளிச்சுக்கிட்டிருக்கிற பீர்ல ஒரு மில்லி எடுத்தா ஈஸ்ட் லட்சலட்சமா இருக்கும். அத்தனையும் உசுரு” என்றான். உயிர் போவதை யோசித்தோ, இன்று கிடைக்காத பீரை யோசித்தோ, பெருமூச்சு விட்டான்.

திரும்பும்போது தள்ளுவண்டியில் பருத்திப்பால். கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் கொதிக்கக் கொதிக்க. இந்த வெயிலில் அதைக் குடிக்க மதுரைக்காரனால்தான் முடியும். இரண்டு டம்ளர் குடித்தோம்.

ஏப்ரல் 11, வெள்ளி. மதுரை

இன்றைக்கு இரண்டு வரிசை. தெருவின் இந்த முனையில் பங்குனி உத்திரத்துக்கு நீர்மோர்ப் பந்தல்; பானகமும் மோரும் இலவசம். நூறு அடி தள்ளி எங்கள் வரிசை. இரண்டிலும் ஒரே மாதிரி முகங்கள். மோர் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு நேராக இந்தப் பக்கம் வந்தவர்கள் குறைந்தது நாலு பேரை நானே எண்ணினேன். நெற்றியில் திருநீறு இருந்த ஒருவர் மட்டும் பந்தல்காரர்களுக்கு முதுகைக் காட்டியே நின்றார்.

11:40-க்கு எங்களுக்கு முன்னால் பதினாறு பேர். போன் 39 டிகிரி என்றது. நான் பயந்த மாதிரி தள்ளுமுள்ளு இல்லை. ஒருவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். வரிசை நகர நகர அந்தச் செருப்பைப் பின்னால் நின்றவர் காலால் தள்ளிக்கொண்டே வந்தார், தன்னுடைய பொறுப்பு மாதிரி. என் செங்கல்லுக்கு அப்படி ஒருவர் அன்று இருந்திருந்தால்! ஒரு பையன் மாங்காய்க் கீற்றில் மிளகாய்ப்பொடி தூவி விற்றுக்கொண்டு போனான், பத்து ரூபாய். மாப்பிள்ளை வாங்கி, முன்னால் இருவருக்கும் பின்னால் இருவருக்கும் நீட்டினான். அங்கேயும் அப்படித்தானாம். ஒருவன் முட்டை சாண்ட்விச் கொண்டுவருவான், இன்னொருவன் காபி. “அந்த ஊர்ல முன்னப்பின்ன தெரியாதவன்கூட நாலு மணி நேரம் பேசணும்னா வரிசையிலதான் மாப்ள முடியும்” என்றான். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

எனக்கு முன்னால் நின்றவர் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் கண்ணாடிக்கூடு. நாங்கள் பேசியது அவர் காதில் விழுந்திருக்கிறது.

“அந்த பீருக்கு என்னமோ பேரு சொன்னீகளே?”

“பிளினிண்ணே. ரெண்டு பிளினி. பெரியவரு, சின்னவரு. ரோமாபுரிக்காரங்க” என்று மாப்பிள்ளை ஆரம்பித்தான். பெரிய பிளினி எழுதிய நூலில் ஹாப்ஸ் செடியைப் பற்றி வருவதாகச் சொல்கிறார்கள். பீருக்குக் கசப்பும் மணமும் தருவது அந்தச் செடி. அதனால் அந்தக் கூடம் முதலில் ஒரு பீருக்குப் பெரியவர் பெயரை வைத்தது. பிறகு அதைவிட ஹாப்ஸைக் கூட்டிப் போட்டு இன்னொன்று காய்ச்சியபோது, அவருடைய சகோதரி மகன் பெயரை வைத்துவிட்டார்கள். பெரியவர் கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்துபோனார். அதைக் கடிதமாக எழுதி வைத்தவர் இந்தச் சின்னவர்.

இங்கேதான் எனக்கு ஒரு வாய்ப்பு கிடைத்தது. “அந்தப் பெரியவர் மதுரையைப் பத்தியும் எழுதியிருக்காருடா” என்றேன்.

மாப்பிள்ளை நம்பவில்லை. உண்மைதான். மேற்குக் கடற்கரைத் துறைமுகங்களைச் சொல்லிக்கொண்டு வரும்போது, அங்கே பாண்டியன் ஆள்கிறான், அவன் ஊர் கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே இருக்கிறது, பெயர் மொதுரா என்று எழுதுகிறார். அதோடு, வருடத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் காசை இந்தியா உறிஞ்சிக்கொள்கிறது என்று புலம்பலும் உண்டு. எல்லாம் மிளகுக்கும் முத்துக்கும் துணிக்கும் போன காசு. பதிலுக்கு அவர்கள் கப்பலில் மது வந்தது. யவனர் தந்த அந்த மதுவைப் பாண்டியன் பொன் கிண்ணத்தில் குடித்ததைச் சங்கப் புலவர் பாடிவிட்டார். மாப்பிள்ளை வாயைப் பிளந்தான். ஆறு வருடமாக இவன் விடிய விடியக் காத்து நின்றது இவனுடைய ஊர்ப் பெயரை எழுதி வைத்த மனிதரின் மருமகனுக்காக.

மில்காரர் யோசித்தார். “அவரு எப்ப மதுரைக்கு வந்தாரு?”

“வரலைண்ணே. கேள்விப்பட்டு எழுதினாரு.”

“பாக்காமயே எழுதிட்டாரா. சரித்தான்.” கொஞ்சம் ஏமாற்றம் அவருக்கு.

ஷட்டர் ஏறியது. வரிசை மளமளவென்று குறைந்தது. மாப்பிள்ளை ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு, நல்ல மரியாதையாக, “அண்ணே, புதுசா கோதுமை பீர் வந்திருக்காமே” என்றான்.

உள்ளே இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். “கோதுமையா? அதுக்கு ரேஷன் கடைக்குப் போகணும்.”

பின்னால் வரிசையே சிரித்தது. திருநீற்றுக்காரரும் திரும்பிச் சிரித்தார். சித்தி மகனுக்குப் போன் போட்டோம். ஸ்விட்ச் ஆஃப்.

வழக்கமான ஸ்ட்ராங் பீர் இரண்டு வாங்கினோம். 650 மில்லி பாட்டில், ஜில்லென்று வியர்த்துக்கொண்டு. தொட்டதும் மாப்பிள்ளைக்கு மறுபடி உயிர் வந்தது. பேப்பரில் சுற்றி ஷேர் ஆட்டோவில் ஏறினோம். ரோட்டில் காவடி ஊர்வலம். மேளம், மயில் பீலி, வேல் குத்தியவர்கள், பின்னால் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு பெண்கள். ஐம்பது நிமிடம் ஆட்டோ அசையவில்லை. டிரைவர் இறங்கிப் போய்க் கும்பிட்டுவிட்டு, திருநீறு கொண்டுவந்து எங்கள் எல்லாருக்கும் பூசிவிட்டார். மடியில் பேப்பர் பொட்டலத்தோடு நாங்களும் நெற்றியைக் காட்டினோம்.

அறைக்கு வந்து பிரித்தபோது பீர் கஷாயச் சூட்டில் இருந்தது. நான் இரண்டு வாய் குடித்தேன், போதும் என்றாகிவிட்டது. மாப்பிள்ளை முழுதும் குடித்தான். “மோசம். ஆனா நல்லாருக்கு” என்றான். இதற்கு மேல் நான் கேட்கவில்லை.

ராத்திரி சிம்மக்கல் கோனார் கடையில் கறி தோசை. தோசை, மேலே முட்டை, அதற்கு மேலே கொத்துக்கறி. ஒன்றுக்கு மேல் முடியாது என்று சொல்லிவிட்டு இரண்டு சாப்பிட்டேன்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். மில்காரர் போகும்போது எங்களிடம் வந்து, “விசேஷமா ஒண்ணு குடிக்கணும்னா விடியக்காலையில கல்லுப்பட்டிப் பக்கம் போங்க, பதநி எறக்குறாக. அதுக்கும் நிக்கணும்” என்று இடம் சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கடைசி வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருந்தால் நாளைக்கு நான் தூங்கியிருப்பேன்.

ஏப்ரல் 12, சனி. டி.கல்லுப்பட்டி, பிறகு பஸ்

மூன்றரைக்கு எழுந்து, திருமங்கலம் தாண்டி, ஐந்து மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். முழு நிலா மேற்கே இறங்கிக்கொண்டிருந்தது. பனைகள் கறுப்பாக நின்றன. ரோட்டோரம் ஏழெட்டுப் பேர், கையில் தூக்குவாளி. யாரும் பேசவில்லை. மேலே எங்கேயோ ஓலை சலசலத்தது. ஆள் மரத்தில் இருக்கிறார் என்று அதை வைத்துத்தான் தெரிந்தது.

வரிசையில் நின்று நான் எரிச்சல் படாதது என் நினைவில் இதுதான் முதல் தடவை. காற்று காரணமாக இருக்கலாம். மூன்று நாளில் முதல்முறையாகச் சட்டை முதுகில் ஒட்டவில்லை.

பனையேறி இறங்கினார். அறுபது வயது இருக்கும். நெஞ்சிலும் முன்கையிலும் மரம் தேய்த்த தழும்பு காய்ப்பாகிக் கிடந்தது. இடுப்பில் பாளை சீவும் அரிவாள், கையில் கலயம். வடிகட்டி, ஓலைப் பட்டையைக் கோலி அதில் ஊற்றிக் கொடுத்தார். பட்டை 40 ரூபாய். இரண்டு கையிலும் ஏந்தி, முகத்தை உள்ளே விட்டுக் குடிக்க வேண்டும். பச்சை ஓலை மணம், இனிப்பு, அடியில் சுண்ணாம்பின் லேசான காரம். மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டான். மூக்கு நுனியில் நுரை.

பிறகு விசாரணையை ஆரம்பித்தான். கலயத்துக்குள் தடவுகிற சுண்ணாம்பு எவ்வளவு, எப்போது? பெரியவர் பொறுமையாகச் சொன்னார். ஒவ்வொரு தடவை கலயம் கட்டும்போதும் தடவ வேண்டும். கூடினால் நாக்கு வெந்துபோகும், குறைந்தால் புளித்துவிடும். சுண்ணாம்பே இல்லாவிட்டால் காற்றில் இருப்பது போதும், தானாகப் பொங்கிக் கள்ளாகிவிடும். அந்தக் “காற்றில் இருப்பது” தான் இவன் அங்கே பொட்டலம் பொட்டலமாகக் காசு கொடுத்து வாங்குகிற ஈஸ்ட்.

“சுண்ணாம்பு தடவாத கலயம் ஏதாச்சும்...” என்று இழுத்தான்.

பெரியவர் அரிவாளைத் துடைத்து உறையில் போட்டார். “1987-லேர்ந்து தடை தம்பி. அந்தப் பேச்சு வேண்டாம்.” வருடத்தைச் சொன்ன விதத்தில், வீட்டில் ஒரு சாவு நடந்த வருடத்தைச் சொல்வது போல இருந்தது.

காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா கடைசிக் காலத்தில் வாழ்ந்தது இதே கல்லுப்பட்டியின் காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான். 1960 வரை இருந்தார். தரிசில் தானாக நிற்கிற பனையிலிருந்து வெல்லம் எடுத்தால், கரும்புக்குப் போகிற நல்ல நிலத்தில் தானியம் விளையும் என்பது அவர் கணக்கு. பெரியவரிடம் கேட்டேன். ஆசிரமம் தெரியும், கணக்கு தெரியாது. “வெல்லம் காய்ச்ச வெறகு வாங்கணும், ஆளு வேணும். எம் மகன் திருப்பூர்ல இருக்கான்” என்றார்.

அம்மாவுக்காக ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் நிறைய வாங்கினேன். “பத்து மணிக்குள்ள குடிச்சிருங்க” என்றார் பெரியவர். தலையாட்டினேன். அதைக் கோவைக்கு எடுத்துப் போகப் போகிறேன் என்று சொல்லவில்லை.

ஆரப்பாளையத்தில் பதினொரு மணி பஸ். மாப்பிள்ளைக்கும் கோவையிலிருந்துதான் விமானம். பாட்டில் என் பைக்குள், பை காலடியில், காலடியில் இன்ஜின் சூடு. திண்டுக்கல்லில் ஒரு தடவை தொட்டுப் பார்த்தேன். பாட்டில் கல் மாதிரி விறைத்திருந்தது. ஒட்டன்சத்திரம் நெருங்கும்போது, கொஞ்சம் காற்றை விடலாம் என்று மூடியைத் திருகினேன்.

மூடி பஸ் கூரையில் பட்டது. பாதி பதநீர் என் சட்டையில், கால்வாசி முன் சீட்டுக்காரர் கழுத்தில். பஸ் முழுக்கப் புளித்த வாடை. கண்டக்டர் டிக்கெட் பையை அணைத்துக்கொண்டு ஓடி வந்தார்.

“என்னண்ணே இது, பஸ்ஸுக்குள்ள சரக்கா?”

“பதநிங்க. கல்லுப்பட்டியில வாங்கினது.”

குனிந்து முகர்ந்தார். “கல்லுப்பட்டியில அது பதநி. இப்ப இல்ல. கொட்டிடுங்க.”

முன் சீட்டுக்காரரிடம் நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துவிட்டு, கைக்குட்டையை ஒருமுறை மோந்து பார்த்தார். மாப்பிள்ளை பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான். அடியில் நாலு விரல் அளவு மிச்சம், பொடிப்பொடியாகக் குமிழி ஏறிக்கொண்டிருந்தது.

“மாப்ள, மணியப் பாரு” என்றான். “ரெண்டு நாப்பது. ரிலீஸ் ஆயிருச்சு.”

பிறகு ஜன்னலைத் திறந்து, கண்டக்டர் பார்க்க, கடைசிச் சொட்டு வரை கொட்டினான்.